சாம்பலில் பதிந்த காலடிகள்

(வானொலி மறையுரையின் எழுத்து வடிவம்)



நமக்குத் தெரிந்த ஒருவர் பெரிய தொகையை யாரிடமோ கொடுத்து ஏமாந்துவிட்டார் என்று கேள்விப்பட்டதும் நம் வாயிலிருந்து வருகிற முதல் வார்த்தை என்ன? "எப்படித்தான் ஏமாந்தாரோ! படித்தவர்தானே?" கேட்பதற்கு இது இரக்கம்போல இருக்கும். ஆனால் அதற்குள் ஓர் ஆறுதலும் ஒளிந்திருக்கிறது. அவர் ஏமாந்தார், நாம் ஏமாறமாட்டோம் என்கிற ஆறுதல் அது. அந்த ஆறுதல் சரியானதுதானா என்று இன்று இறைவார்த்தையின் ஒளியில் பார்ப்போம்.

திருவிவிலியத்தில் ஏமாந்தவர்களின் பட்டியல் நீளமானது. அவர்களில் பலர் அறிவிலிகள் அல்லர். யோசுவா நூலின் 9-ஆம் அதிகாரத்தை எடுத்துக்கொள்வோம். எரிகோவையும் ஆயி நகரையும் வென்ற இஸ்ரயேல் மக்கள் கில்காலில் பாளையம் இறங்கியிருக்கிறார்கள். பக்கத்திலேயே இருக்கிற கிபயோன் நகரத்தாருக்குப் பயம். அடுத்து நம் ஊர்தான் என்று அவர்களுக்குத் தெரியும். எனவே ஒரு திட்டம் போடுகிறார்கள். நைந்துபோன சாக்குகளைக் கழுதைகளின்மேல் ஏற்றுகிறார்கள். கிழிந்து தைத்த திராட்சை மதுத் தோற்பைகள், ஒட்டுப்போட்ட செருப்புகள், பழைய உடைகள், உலர்ந்து பூசணம் பிடித்த அப்பங்கள். இவற்றோடு யோசுவாவிடம் வந்து, "நாங்கள் மிகத் தொலைவிலிருந்து வருகிறோம், எங்களோடு உடன்படிக்கை செய்துகொள்ளுங்கள்" என்கிறார்கள்.

இஸ்ரயேல் மக்கள் உடனே நம்பிவிடவில்லை என்பதைக் கவனியுங்கள். சந்தேகப்பட்டார்கள். நீங்கள் பக்கத்து ஊர்க்காரர்களாக இருந்தால் என்ன செய்வது என்று கேட்கவும் செய்தார்கள். அப்போது வந்தவர்கள் அப்பத்தைக் காட்டினார்கள், செருப்பைக் காட்டினார்கள். இவர்களும் அந்த உணவை எடுத்துப் பார்த்தார்கள். உண்மையிலேயே பூசணம் பிடித்திருந்தது. ஆனால் ஆண்டவரிடம் கேட்கவில்லை என்று நூல் ஒரே வரியில் சொல்லிவிடுகிறது. மூன்று நாள்களுக்குப் பிறகுதான் அவர்கள் அண்டை வீட்டுக்காரர்கள் என்பது தெரிந்தது.

ஆக, இஸ்ரயேல் மக்கள் சோதித்தே பார்த்தார்கள். எதிரில் நின்றவன் எதைச் சோதிக்கச் சொன்னானோ அதை மட்டும் சோதித்தார்கள் என்பதுதான் அவர்கள் செய்த தவறு. ஏமாற்றுகிறவன் வெறுங்கையோடு வருவதில்லை. ஆதாரத்தையும் தன் கையிலேயே கொண்டு வருகிறான்.

இன்று நம் வீட்டுக் கைபேசியில் நடப்பதும் இதுதான். ஒரு வீடியோ அழைப்பு வருகிறது. திரையில் காவல்துறைச் சீருடை. பின்னால் சுவரில் இலச்சினை. அடையாள அட்டையைக் கேமராமுன் காட்டுகிறார்கள். நீதிமன்ற முத்திரையோடு ஒரு தாளை வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். "உங்கள் பெயரில் வந்த பார்சலில் போதைப்பொருள் இருக்கிறது. உங்களை டிஜிட்டல் கைது செய்திருக்கிறோம்" என்கிறார்கள். நம் நாட்டுச் சட்டத்தில் டிஜிட்டல் கைது என்று ஒன்று இல்லவே இல்லை. வீடியோ அழைப்பில் எந்த அதிகாரியும் யாரையும் கைது செய்ய முடியாது. வழக்கை முடிக்கப் பணம் அனுப்பு என்று எந்த நீதிமன்றமும் கேட்காது. 2024 அக்டோபரில் நம் பிரதமரே வானொலியில் இதைப்பற்றி நாட்டு மக்களை எச்சரித்தார். இருந்தும் இன்னும் ஏமாறுகிறார்கள். ஏனென்றால் அந்த அட்டையையும் முத்திரையையும் அவர்கள் உற்றுப் பார்த்தார்கள். பூசணம் பிடித்த அப்பத்தைப் பார்த்ததுபோலவே பார்த்தார்கள்.

அன்பார்ந்தவர்களே, ஆதாரத்தை அவன் கொண்டுவருகிறான், சரி. அதை ஏற்றுக்கொள்ளும் மனம் நமக்குள் எப்படி வருகிறது? பேராசை பெருநஷ்டம் என்று ஒரே வரியில் தீர்ப்பு எழுதிவிடுவது நம் வழக்கம். சில நேரங்களில் அது உண்மையும்கூட. ஆனால் முழு உண்மை அல்ல.

சுமார் நூறு ஆண்டுகளுக்கு முன் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் சார்லஸ் போன்ஸி என்ற மனிதர் இருந்தார். இத்தாலியிலிருந்து பிழைக்க வந்தவர். 1920-ஆம் ஆண்டு அவர் ஓர் அறிவிப்பு செய்தார். தம்மிடம் பணம் போட்டால் 45 நாள்களில் 50 விழுக்காடு லாபத்தோடு திரும்பத் தருவதாகச் சொன்னார். எப்படி என்று கேட்டவர்களுக்கு ஒரு விளக்கமும் வைத்திருந்தார். வெளிநாட்டுக்குக் கடிதம் எழுதுகிறவர்கள், பதில் கடிதத்துக்கான தபால் செலவுக்காகச் சேர்த்து அனுப்பும் சர்வதேசக் கூப்பன் ஒன்று உண்டு. அதை இத்தாலியில் மலிவாக வாங்கி, அமெரிக்காவில் அதிக மதிப்புள்ள தபால்தலையாக மாற்றலாம் என்றார். அந்தக் கூப்பன் உண்மையானது. விலை வித்தியாசமும் உண்மையானது. ஒரு துளி உண்மை கலந்த பொய்தான் எளிதில் விலைபோகும்.

முதலில் பணம் போட்டவர்களுக்குச் சொன்னபடியே பணம் திரும்பி வந்தது. ஆனால் அது கூப்பனில் வந்த லாபம் அல்ல. அடுத்து வந்தவர்கள் கட்டிய பணம். பணம் வாங்கியவர் தம் அண்ணனிடம் சொன்னார். அண்ணன் கடைக்காரரிடம் சொன்னார். பணம் போட்டவர்களில் பலர் போன்ஸியைப் போலவே இத்தாலியிலிருந்து வந்த உழைப்பாளிகள். அவர்களுக்கு வங்கி அந்நியம், மொழி அந்நியம். இவரோ நம்ம ஊர்க்காரர், நம்ம மொழி பேசுகிறவர். அந்த நெருக்கத்தைத்தான் அவர் பணமாக்கினார்.

கடைசியில் அதை உடைத்தது ஒரு கேள்விதான். கிளாரன்ஸ் பேரன் என்ற நிதித்துறைப் பத்திரிகையாளர் கணக்குப் போட்டுப் பார்த்தார். போன்ஸி வாங்கிய பணத்துக்கு ஈடாக 16 கோடி கூப்பன்கள் புழக்கத்தில் இருந்தாக வேண்டும். உண்மையில் இருந்தவை ஏறத்தாழ 27,000 மட்டுமே. இந்தக் கணக்கு செய்தித்தாளில் வந்ததும் கூட்டம் போன்ஸியின் அலுவலகத்துக்கு ஓடியது. அவர் பதறவில்லை. வரிசையில் நின்றவர்களுக்குக் காபி வாங்கிக் கொடுத்தார். கேட்டவர்களுக்குச் சிரித்த முகத்தோடு பணத்தை எண்ணிக் கொடுத்தார். அதைக் கண்டு பலர், "இவ்வளவு நல்ல மனிதரைச் சந்தேகப்பட்டோமே" என்று பணத்தைத் திரும்ப வாங்காமலேயே வீட்டுக்குப் போனார்கள். ஆகஸ்டு மாதம் அவர் கைதானார். வரிசையை விட்டு விலகிப் போனவர்களின் சேமிப்பு போனது போனதுதான்.

இது எங்கோ நடந்த பழைய கதை என்று தள்ளிவிட முடியாது. நம் ஈரோடு மாவட்டம் பெருந்துறைப் பக்கம் நடந்த ஈமுக் கோழி வியாபாரம் பலருக்கு நினைவிருக்கும். 1.5 லட்சம் ரூபாய் கட்டினால் ஈமுக் குஞ்சுகள் தருவார்கள், கொட்டகை போட்டுத் தருவார்கள், தீவனமும் தருவார்கள், மாதாமாதம் பராமரிப்புத் தொகையும் தருவார்கள் என்றார்கள். திரை நட்சத்திரங்கள் விளம்பரத்தில் வந்து சொன்னார்கள். முதல் சில மாதங்கள் பணமும் வந்தது. 2012 ஆகஸ்டில் எல்லாம் நின்றது. தீவனம் இல்லாமல் பறவைகள் பட்டினி கிடந்தன. அவற்றுக்குத் தீனி போட அரசே ஏற்பாடு செய்ய வேண்டியதாயிற்று. இந்த இறைச்சியை யார் வாங்கப்போகிறார்கள், எந்தச் சந்தையில் விற்கிறது என்று தொடக்கத்திலேயே கேட்டவர்கள் மிகச் சிலர்தான்.

பணம் கட்டியவர்கள் எல்லாரும் பேராசைக்காரர்களா? கிணறு வற்றிப்போன விவசாயி, தோட்ட வேலைக்கு ஆள் கிடைக்காமல் தவித்தவர், மகளின் திருமணத்துக்குத் தேதி குறித்துவிட்டுக் கையைப் பிசைந்து நின்ற தகப்பன், இவர்களுக்கு ஆசை என்பதைவிடக் களைப்பு என்று சொல்வதே பொருந்தும். களைத்துப்போன மனம் கேள்வி கேட்பதில்லை. 'இது உண்மையா' என்று கேட்பதற்குப் பதிலாக, 'இது உண்மையாக இருந்துவிடக் கூடாதா' என்று ஏங்குகிறது. அந்த ஏக்கத்தின் விலாசம் ஏமாற்றுகிறவனுக்கு நன்றாகத் தெரியும்.

ஆசைக்கு ஒரு விலாசம் இருப்பதுபோலப் பயத்துக்கும் ஒன்று உண்டு. பங்குப் பணியில் நாம் சந்தித்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரை இங்கே நினைத்துக்கொள்கிறோம். கணவர் இறந்துவிட்டார். பிள்ளைகள் வெளிநாட்டில். நாம் சற்றுமுன் சொன்ன அதே சீருடை அழைப்பு அவருக்கும் வந்தது. இரண்டு நாள்கள் கைபேசியை அணைக்கவிடாமல் கேமராமுன் உட்கார வைத்தார்கள். யாரிடமும் சொல்லக் கூடாது, சொன்னால் பிள்ளைகளையும் வழக்கில் சேர்ப்போம் என்றார்கள். வங்கியில் வைப்புத்தொகையை முறிக்கப் போனபோது, "இவ்வளவு பணம் எதுக்கும்மா?" என்று காசாளர் கேட்டிருக்கிறார். "மகன் வீடு வாங்குறான்" என்று, அவர்கள் சொல்லிக்கொடுத்ததையே சொன்னார். வாழ்நாள் முழுவதும் பிள்ளைகளுக்கு உண்மை பேசக் கற்றுக்கொடுத்தவர் அவர்.

பணம் போனது ஒரு வேதனை. அதைவிடப் பெரிய வேதனை பிறகு வந்தது. வாரந்தோறும் முன்வரிசையில் இருந்து வாசகம் வாசித்தவர், பல வாரங்கள் திருப்பலிக்கு வரவில்லை. வீட்டுக்குப் போய்ப் பார்த்தபோது அவர் முதலில் சொன்னது: "ஃபாதர், யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

அன்பானவர்களே, இந்த வார்த்தையைக் கொஞ்சம் எண்ணிப்பாருங்கள். யாரிடமும் சொல்லாதே என்று முதலில் சொன்னது ஏமாற்றியவன். பணம் போன பிறகு அதையே சொல்ல வைத்தது வெட்கம். அந்த வெட்கத்தை அவருக்குக் கொடுத்தது யார்? "டீச்சருக்கே இப்படியா?" என்று சிரித்த நாம்தான். நாம் சிரித்த சிரிப்பைக் கேட்டு, அதே தெருவில் அதே அழைப்பைப் பெற்ற இன்னொருவர் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். ஏமாற்றுகிறவனுக்குச் சம்பளம் வாங்காமல் நாம் செய்கிற வேலை இது.

அப்படியானால் இதற்கு மருந்து என்ன? யாரையும் நம்பாமல் இருப்பதா? இல்லை. யாரையும் நம்பாத வாழ்வு மனித வாழ்வாக இராது. பேருந்தில் ஏறும்போது ஓட்டுநரை நம்புகிறோம். மருந்து வாங்கும்போது கடைக்காரரை நம்புகிறோம். நம்பிக்கையோடு எப்படிக் கேள்வி கேட்பது என்பதை இறைவாக்கினர் தானியேல் நமக்குக் கற்றுத் தருகிறார்.

தானியேல் நூலின் இணைப்பாக நம் திருவிவிலியத்தில் உள்ள பகுதி அது. பாபிலோனில் பேல் என்ற சிலை இருந்தது. நாள்தோறும் அதற்கு 12 மரக்கால் மாவும், 40 ஆடுகளும், 6 குடம் திராட்சை மதுவும் படைத்தார்கள். காலையில் பார்த்தால் எல்லாம் தீர்ந்திருக்கும். பேல் உயிருள்ள தெய்வம் என்று சைரசு மன்னன் நம்பினான். தானியேல் மறுத்தபோது, சிலையின் குருக்களே ஒரு சோதனையை முன்வைத்தார்கள். மன்னரே உணவை வைக்கட்டும், மன்னரே கதவைப் பூட்டித் தம் மோதிரத்தால் முத்திரையிடட்டும் என்றார்கள். எவ்வளவு நேர்மையான சோதனை! ஆனால் மேசைக்கு அடியில் ஒரு மறைவான வழி இருந்தது. கிபயோனியர் அப்பத்தைக் கொண்டுவந்ததுபோல, இவர்கள் சோதனையையே கொண்டுவந்தார்கள்.

தானியேல் அந்த முத்திரையோடு நின்றுவிடவில்லை. குருக்கள் வெளியேறிய பிறகு, மன்னரின் கண்முன்னே, கோவில் தரை முழுவதும் சாம்பலைத் தூவச் செய்தார். அதற்குப் பிறகுதான் கதவு பூட்டப்பட்டது. காலையில் முத்திரை உடையாமல் இருந்தது; உணவைக் காணவில்லை. மன்னன் பேலைப் புகழ்ந்து குரல் எழுப்பினான். தானியேல் சிரித்துக்கொண்டே தரையைக் காட்டினார். சாம்பலில் ஆண்கள், பெண்கள், குழந்தைகளின் காலடிகள். 70 குருக்களும் அவர்களின் குடும்பத்தாரும் இரவோடு இரவாக வந்து சாப்பிட்டுவிட்டுப் போயிருந்தார்கள்.

அவன் கொண்டுவந்த சோதனைக்கு வெளியே நாம் வைக்கிற ஒரு சிறு சோதனை, அதுதான் சாம்பல். அதற்குப் பெரிய படிப்பு தேவையில்லை. கூடவே இன்னொன்றையும் கவனியுங்கள். தானியேல் சாம்பலைத் தனியாகத் தூவவில்லை. மன்னரைச் சாட்சியாக வைத்துக்கொண்டு தூவினார்.

இறைப்பற்று உள்ளவர்கள் கேள்வி கேட்கலாமா என்று சிலர் தயங்குவார்கள். ஆண்டவர் பெயரைச் சொல்லி வருகிற எதையும் ஆராய்வது பாவம் என்றுகூட நினைப்பார்கள். இந்தச் செய்தியைப் பத்துப் பேருக்கு அனுப்பினால் அற்புதம் நடக்கும், அனுப்பாவிட்டால் தீங்கு வரும் என்று வருவதையெல்லாம் பயத்தோடு பகிர்வார்கள். திருச்சபை அப்படி நடந்துகொள்வதில்லை. லூர்து நகரில் 1858-இல் அன்னை மரியா காட்சி கொடுத்தார் என்று ஏற்றுக்கொண்ட அதே திருச்சபைதான், 1883-இல் அங்கே ஒரு மருத்துவ ஆய்வகம் அமையவும் இடம் கொடுத்தது. தாங்கள் குணமடைந்ததாக 7,000-க்கும் மேற்பட்டவர்கள் சொல்லியிருக்கிறார்கள். புதுமை என்று திருச்சபை அறிவித்தவை 70-ஐச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். புனிதர் பட்டத்துக்கான விசாரணையில் எதிர்த்து வாதாடுவதற்கென்றே 1587 முதல் பல நூற்றாண்டுகள் ஓர் அதிகாரி இருந்தார். உண்மையான விசுவாசம் கேள்விக்கு அஞ்சுவதில்லை.

பரங்கிமலையில் நாம் நினைவுகூரும் நம் திருத்தூதர் தோமா, காயங்களைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார். ஆண்டவர் அவரை விரட்டவில்லை, காயங்களைக் காட்டினார். காணாமல் நம்புவோர் பேறுபெற்றோர் என்று ஆண்டவர் சொன்னது உண்மைதான். ஆனால் அவர்கள் யாரை நம்புகிறார்கள்? தாங்கள் கண்டதைச் சொல்லி, அதனால் எந்த ஆதாயமும் அடையாமல், உயிரையே கொடுத்த சாட்சிகளை. உயிரைக் கொடுத்த சாட்சியை நம்புவது வேறு. பணத்தைக் கேட்கிற அந்நியனை நம்புவது வேறு.

எனவே, இந்த வாரம் ஒவ்வொரு வீட்டிலும் கொஞ்சம் சாம்பலை எடுத்து வைப்போம். பணமோ, ரகசிய எண்ணோ, கையெழுத்தோ யாராவது கேட்டால் நான்கு கேள்விகளைக் கேட்போம். இவர் ஏன் இவ்வளவு அவசரப்படுத்துகிறார்? யாரிடமும் சொல்லாதே என்று ஏன் சொல்கிறார்? இந்த லாபம் யார் கையிலிருந்து வருகிறது? இந்த ஆதாரத்தை நாமே தேடிக் கண்டோமா, அவர் கொண்டுவந்து காட்டினாரா? இரண்டாவது கேள்விக்கு நல்ல பதில் கிடைக்கவில்லை என்றால் மற்ற மூன்றையும் கேட்கத் தேவையே இல்லை. ஒளிவாகத்தான் செய்ய வேண்டும் என்று எந்த நேர்மையான அலுவலகமும் நம்மை வற்புறுத்தாது.

ஒவ்வொரு அன்பியத்திலும் தனியாக வாழ்கிற பெரியவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு பெயரையும் ஓர் எண்ணையும் எழுதிக் கொடுப்போம். "எந்த நேரமானாலும் கூப்பிடுங்கம்மா, பணம் அனுப்புறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை எங்ககிட்ட பேசுங்க" என்று சொல்லிவைப்போம். அதையும் மீறிப் பணம் போய்விட்டால், 1930 என்ற எண்ணுக்கு உடனே அழைக்க வேண்டும். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறோமோ அவ்வளவுக்கு அந்தப் பணத்தைப் பாதி வழியில் நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு. வெட்கப்பட்டு நாம் தாமதிக்கிற ஒவ்வொரு மணி நேரமும் திருடனுக்கு லாபம்.

இன்னொரு கசப்பான உண்மையையும் சொல்லியாக வேண்டும். இத்தகைய திட்டங்களில் ஆள் சேர்த்துவிட்டுக் கமிஷன் வாங்கியவர்கள் நம் நடுவிலும் இருக்கலாம். நமக்குப் போன பணத்தை மீட்கப் பக்கத்து வீட்டாரை உள்ளே இழுத்தவர்களும் இருக்கலாம். ஏமாந்தது பாவம் அல்ல; தெரிந்த பிறகும் இன்னொருவரை ஏமாற்றுவது பாவம். சக்கேயு தம் வீட்டுக்கு வந்த ஆண்டவரிடம் வருத்தத்தை மட்டும் தெரிவிக்கவில்லை. ஏமாற்றியதை நான்கு மடங்காகத் திருப்பித் தருவதாகச் சொன்னார். ஒப்புரவு அருளடையாளத்தில் பாவத்தை அறிக்கையிடுகிறவர், கையில் இருக்கும் அயலாரின் பணத்தையும் திருப்பிக் கொடுக்கக் கடமைப்பட்டவர். இஸ்ரயேல் மக்கள் ஏமாற்றப்பட்டது தெரிந்த பிறகும், தாங்கள் கொடுத்த வாக்கை முறித்துக் கிபயோனியரைக் கொல்லவில்லை. ஏமாந்தவர் நேர்மையை இழக்க வேண்டியதில்லை என்பதற்கு அது சான்று.

இறுதியாக, இந்த மறையுரையைக் கேட்டுக்கொண்டிருப்பவர்களில் ஏமாந்துபோய், அதை வீட்டிலும் சொல்லாமல் மனத்துக்குள் சுமந்துகொண்டிருக்கிற சகோதரரே, சகோதரியே, உங்களுக்கு ஒரு வார்த்தை. நம் ஆண்டவர் இயேசு மூன்று ஆண்டுகள் தம்முடன் உண்டு உறங்கிய நண்பனால், ஒரு முத்தத்தால், காட்டிக்கொடுக்கப்பட்டவர். அவர் யூதாசிடம் காட்டிய அன்பை நாம் யாரும் மடமை என்று சொல்வதில்லை. குற்றம் முத்தமிட்டவனுடையது. உங்கள் நம்பிக்கையைத் திருடியவன்தான் தலைகுனிய வேண்டும். நீங்கள் இன்றைக்கே ஒருவரிடம் வாய்திறந்து சொல்லுங்கள். அடுத்த ஞாயிறு திருப்பலிக்கு வாருங்கள், உங்கள் பழைய இடத்திலேயே அமருங்கள். உங்கள் பக்கத்தில் அமர்கிறவர்கள் சிரிக்காதிருக்க, நாமும் நம் நாவைக் காத்துக்கொள்வோம்.

மன்றாடுவோமாக. இரக்கமுள்ள இறைவா, பாம்பின் விவேகத்தையும் புறாவின் கபடற்ற உள்ளத்தையும் எங்களுக்குத் தாரும். களைத்திருக்கும் வேளையில் எங்களைக் காத்தருளும். ஏமாந்தவர்களை அரவணைக்கவும், ஏமாற்றியதைத் திருப்பிக் கொடுக்கவும் எங்களுக்குத் துணிவு தாரும். எங்கள் ஆண்டவராகிய கிறிஸ்து வழியாக உம்மை மன்றாடுகிறோம். ஆமென்.